பத்துப் பேருக்கு ஆறு சாவி



மதியம் பன்னிரண்டரை மணிக்கு உணவங்காடி நிலையத்தில் இடம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தூரத்தில் ஒரு மேசை காலியாகத் தெரியும். சூடான தட்டை ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று போனால், மேசை நடுவே ஒரு டிஷ்யூ பொட்டலம் இருக்கும். உட்கார ஆள் இல்லை, ஆனால் இடம் பிடித்தாகிவிட்டது. சிங்கப்பூரில் இதற்கு ‘சோப்’ என்று பெயர். பொட்டலத்தைத் தள்ளிவிட்டு உட்காரும் துணிச்சல் யாருக்கும் எளிதில் வருவதில்லை.

இன்றைய தலைப்பு உணவங்காடியைப் பற்றியது அல்ல. கட்டடக்கலை, பொறியியல், உள் அலங்காரம், இயந்திர வடிவமைப்பு ஆகிய தொழில்களைச் செய்யும் அலுவலகங்களில் வரைபட மென்பொருளை ஊழியர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றியது. அங்கேயும் அதே டிஷ்யூ பொட்டலம் இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

“இது கணினிப் பிரிவு ஊழியர்களின் தலைவலி, நமக்கென்ன?” என்று சில நேயர்கள் நினைக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலையோ பொறியியலோ படித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளை அலுவலகத்தில் முதல் வாரமே சந்திக்கக்கூடிய சிக்கல் இது. சொந்தமாகச் சிறு நிறுவனம் நடத்துபவருக்கோ இது நேராகப் பணப்பையைத் தொடும் விஷயம்.

வரைபட மென்பொருள் மலிவான சரக்கு அல்ல. ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றுக்கு ஒரு நபருக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கட்ட வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. கட்டட, கட்டுமான ஆணையம் 2013 ஜூலை முதல், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை முப்பரிமாண மாதிரியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்றது. 2015 ஜூலையில் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது. காகிதத்தில் கோடு போட்டுக் காலம் தள்ளிய சிறிய அலுவலகங்களும் அதன்பின் மென்பொருள் வாங்கியே ஆக வேண்டியதாயிற்று.

சாவி எங்கே தொங்குகிறது?

பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரும் நாள் முழுவதும் வரைந்துகொண்டே இருப்பதில்லை. ஒருவர் கட்டுமானத் தளத்துக்குப் போயிருப்பார். ஒருவர் வாடிக்கையாளருடன் கூட்டத்தில் இருப்பார். இன்னொருவர் விலைப்பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஒரே நேரத்தில் நாலு பேரோ ஐந்து பேரோதான் உண்மையில் வரைகிறார்கள் என்றால், பத்து உரிமம் எதற்கு? ஆறு வாங்கி, வேண்டியவர் எடுத்து, முடிந்ததும் வைத்துவிடலாமே. இந்த ஏற்பாட்டுக்குத்தான் மிதக்கும் உரிமம் என்று பெயர். உரிமம் எந்த ஒரு மேசைக்கும் சொந்தமில்லை, வலையமைப்புக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

அலுவலகத்தில் ஒரு கணினி சர்வராக இருக்கும். அதில் உரிமக் கோப்பு ஒன்று உண்டு. எந்த மென்பொருள், எத்தனை உரிமம், எந்தத் தேதிவரை என்று அதில் எழுதியிருக்கும். திறந்து படிக்க முடியும். ஆனால் ஆறை அறுபதாக மாற்றினால் கோப்பு செல்லாது. ஒவ்வொரு வரியோடும் இரகசியக் குறியீடு ஒன்று பிணைக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் தம் கணினியில் ஆட்டோகேட்டைத் திறந்தவுடன், அது சர்வரிடம் “ஓர் உரிமம் கிடைக்குமா?” என்று கேட்கும். இருந்தால் சர்வர் ஒன்றைக் கொடுத்து, கையிருப்பில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். மூடியதும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இடையிடையே இரண்டும் ஒன்றையொன்று “இருக்கிறாயா?” என்று விசாரித்துக்கொள்ளும். ஊழியரின் கணினி பழுதாகி நின்றுபோனால், பதில் வராததைக் கண்டு சர்வர் உரிமத்தை மீட்டுக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் பெயர் பெற்றது 1988இல் வந்த ‘ஃபிளெக்ஸ்எல்எம்’. பிறகு கைமாறிக் கைமாறி, இப்போது ‘ஃபிளெக்ஸ்நெட்’ என்ற பெயரில் இருக்கிறது. ஆட்டோடெஸ்க், சாலிட்வொர்க்ஸ் என்று பல நிறுவனங்கள் தங்கள் உரிமங்களை இதை வைத்தே பகிரச் செய்தன. ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள், ஆனால் கதவுக்குப் பூட்டு வாங்கிய கடை ஒன்றே.

இங்கே ஒரு பலவீனமும் உண்டு. உரிமக் கோப்பு அந்தச் சர்வரின் வலையமைப்பு அட்டை எண்ணோடு கட்டப்பட்டிருப்பது வழக்கம். அட்டை பழுதானால், மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டுப் புதிய கோப்பு வாங்கும்வரை ஆறு பேருக்கும் வேலை நின்றுபோகும். பெரிய நிறுவனங்கள் மூன்று சர்வர்களைச் சேர்த்துக் கட்டுகின்றன. மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால் உரிமம் ஓடும். சிறிய அலுவலகமோ, யாரும் பயன்படுத்தாத பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்து, “இதை அணைக்காதே” என்று தாள் ஒட்டி வைத்திருக்கும். துப்புரவுப் பணியாளர் ஒருநாள் தூசுறிஞ்சிக்காக அதன் மின்செருகியைப் பிடுங்கும்போதுதான் அதன் அருமை எல்லாருக்கும் தெரியவரும்.

“அண்ணே, முடிச்சிட்டீங்களா?”

காலை ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடும் மூத்த ஊழியர்கள் முதல் வேலையாக வரைபட மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். பிறகு கோப்பி குடிக்கிறார்கள், மின்னஞ்சல் பார்க்கிறார்கள், கூட்டத்துக்குப் போகிறார்கள். மென்பொருள் திறந்தபடியே கிடக்கிறது. பத்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர் திறந்தால், ‘உரிமம் இல்லை’ என்று திரையில் வருகிறது. அவர் எழுந்து மேசை மேசையாகப் போகிறார்.

“அண்ணே, ஆட்டோகேட் முடிச்சிட்டீங்களா?”

“இல்ல தம்பி, மத்தியானம் ஒரு படம் திருத்தணும். மூடினா அப்புறம் கிடைக்காது. அந்தப் பக்கம் அக்காகிட்ட கேட்டுப் பாரு.”

அண்ணன் கெட்டவர் அல்லர். மூடினால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் அவருக்கு இருக்கிறது, அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படிப் பயந்தால், உண்மையில் மூன்று பேர் வரைந்துகொண்டிருக்கும்போதே ஆறு உரிமமும் தீர்ந்துவிடும். பற்றாக்குறை உண்மையாக இல்லாத இடத்திலும் பற்றாக்குறை என்ற எண்ணமே அதை உண்டாக்கிவிடுகிறது. நட்டம் யாருக்கு? பதவியில் கடைசியாக இருப்பவருக்கு. வேலை பழக வேண்டிய வயதில் அவர் காத்திருக்கப் பழகுகிறார். மாலையில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு உட்கார்ந்து வரைகிறார். “புதுப் பையன் மெதுவாக வேலை செய்கிறான்” என்ற பேரும் அவருக்குத்தான் வருகிறது.

இதற்கு மருந்து மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஃபிளெக்ஸ்நெட்டில் விருப்பக் கோப்பு என்று ஒன்று உண்டு. இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்று அதில் ஒரே வரி எழுதலாம். பொதுவாகப் பதினைந்து நிமிடத்துக்குக் குறைத்து வைக்க மென்பொருள் நிறுவனங்கள் விடுவதில்லை. முப்பது நிமிடம் என்று வைத்தால்கூடக் காலைக் கூட்டத்துக்குப் போனவரின் உரிமம் திரும்பி வந்துவிடும். அவர் வந்து சுட்டியை அசைத்ததும் மென்பொருள் மறுபடியும் உரிமம் கேட்கும். கேட்ட நேரத்தில் இல்லையென்றால், வரைந்ததைச் சேமித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வரியை எழுதுமுன் எல்லாரிடமும் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் செய்தால் அண்ணன் சும்மா இருக்கமாட்டார்.

அதே விருப்பக் கோப்பில் ‘ரிசர்வ்’ என்ற கட்டளையும் இருக்கிறது. முதலாளிக்கு ஒன்று, திட்ட மேலாளருக்கு ஒன்று என்று உரிமத்தை நிரந்தரமாக ஒதுக்கி வைக்கலாம். கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். ஆனால் ஒதுக்கிய உரிமம் அவர் ஊரில் இல்லாதபோதும் மற்றவருக்குக் கிடைக்காது. அதிகாரபூர்வமாக வைத்த டிஷ்யூ பொட்டலம் அது. மாதத்தில் இரண்டு முறை வரைபடத்தைத் திறந்து பார்க்கும் முதலாளிக்காக ஆறில் ஒன்றை முடக்குவது அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது. பார்ப்பதற்கு மட்டும் என்றால், அதற்கென்றே பல நிறுவனங்கள் இலவசப் பார்வைக் கருவிகளைத் தருகின்றன.

தொலைபேசிக்காரர் கண்டுபிடித்த கணக்கு

சரி, எத்தனை உரிமம் வாங்கினால் போதும்? பெரும்பாலான இடங்களில் இது ஊகமாகவே முடிவாகிறது. விற்பனையாளர் ஓர் எண்ணைச் சொல்வார், முதலாளி அதிலிருந்து இரண்டைக் குறைப்பார்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் ஆக்னர் கிராருப் எர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஓர் ஊருக்கு எத்தனை தொலைபேசி இணைப்புத் தடங்கள் போட்டால், அழைப்பவர்களில் எத்தனை பேருக்கு ‘தடம் இல்லை’ என்ற பதில் கிடைக்கும் என்பது அவருடைய கேள்வி. 1909இலும் 1917இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அதற்கு வாய்ப்பாடு கொடுத்தார். தடம் என்பதற்குப் பதில் உரிமம் என்று போட்டுக்கொண்டால், அந்த வாய்ப்பாடு வரைபட அலுவலகத்துக்கும் பொருந்துகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சற்றுப் பெரிய அலுவலகம், இருபது ஊழியர்கள். ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் நாற்பது விழுக்காடு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், சராசரியாக ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்குத் தேவை. அப்படியானால் எட்டு உரிமம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். எர்லாங்கின் வாய்ப்பாடு வேறு விடை சொல்கிறது. எட்டு மட்டும் வாங்கினால் நூறு முறை கேட்கும்போது ஏறக்குறைய 24 முறை இல்லை என்று வரும். பத்து வாங்கினால் 12 முறை. பன்னிரண்டு என்றால் 5 முறை. பதினான்கு என்றால் 2 முறைக்கும் குறைவு. சராசரியை வைத்துச் சாமான் வாங்குபவர் கஷ்டப்படுவார் என்பதும், இருபது பேருக்கு இருபது வாங்கத் தேவையில்லை என்பதும் இதில் தெளிவாகிறது.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. அதே இருபது பேரைப் பத்துப் பத்தாக இரு பிரிவாக்கி, அதே பன்னிரண்டு உரிமங்களை ஆறு ஆறாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சேர்ந்திருந்தபோது நூற்றுக்கு 5 முறை கிடைக்காமல் போனது, பிரிந்த பிறகு ஒவ்வொரு பிரிவிலும் 12 முறை கிடைக்காமல் போகும். ஒரு வெள்ளியும் மிச்சமாகவில்லை, காத்திருப்பு மட்டும் இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. கட்டடக்கலைப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் தனித்தனி வரவுசெலவு இருப்பதால் உரிமத்தையும் தனித்தனியாக வாங்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். கணக்காளருக்கு வசதியான ஏற்பாடு வரைபவருக்குப் பாரமாகிறது.

எர்லாங்கின் கணக்கு, ஒருவர் கேட்பதற்கும் இன்னொருவர் கேட்பதற்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை திட்டம் சமர்ப்பிக்க வேண்டுமென்றால் புதன்கிழமையே எல்லாரும் ஒன்றாக உட்காருவார்கள். அந்த வாரத்துக்கு எந்த வாய்ப்பாடும் கைகொடுக்காது. ஆகவே ஊகத்தையும் வாய்ப்பாட்டையும்விட மேலான சான்று ஒன்று வேண்டும். அது சர்வரிலேயே இருக்கிறது.

சர்வர் ஒவ்வொரு நடமாட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகிறது. உரிமம் வெளியே போனால் ‘அவுட்’, திரும்பினால் ‘இன்’, கேட்டும் கிடைக்காவிட்டால் ‘டினைட்’. நேரம், ஆளின் பெயர், கணினியின் பெயர் எல்லாம் இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்புதான். மூன்று மாதக் குறிப்பேட்டை எடுத்து, ‘டினைட்’ எத்தனை முறை, எந்த மணிக்கு வந்தது என்று எண்ணினாலே போதும். உச்ச நேரத்தில் எத்தனை வெளியே இருந்தன என்பதும் அதில் கிடைக்கும். இத்தனை எளிதாகக் கிடைக்கும் கணக்கைத் திறந்து பார்க்காமலேயே ஆண்டுதோறும் பணம் கட்டும் அலுவலகங்களை என்னவென்று சொல்வது! மின்சாரக் கட்டணத்தில் இருபது வெள்ளி கூடினால் கேள்வி கேட்கும் முதலாளி, இதை மட்டும் ஏனோ பார்ப்பதில்லை.

இந்தக் குறிப்பேட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. யார் எத்தனை மணிக்குத் திறந்தார், எப்போது மூடினார் என்று இருப்பதால், சில மேலாளர்களுக்கு அது வருகைப் பதிவேடாகத் தெரியும். அப்படிப் பயன்படுத்தத் தொடங்கினால், ஊழியர்கள் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மென்பொருளைத் திறந்தே வைத்திருப்பார்கள். பிறகு அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. பெயர்களை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதே சரியான வழி.

பகிர்வதற்கே தடை வந்தது

இவ்வளவு நேரம் சொன்னது, மிதக்கும் உரிமம் கையில் இருப்பவர்களுக்கு. ஆனால் அந்த உரிமத்தைக் கொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் காலம் இது.

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல், ஒரு முறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. அதன்பின் ஆண்டுச் சந்தா மட்டுமே. அடுத்து 2020 ஆகஸ்ட் 7 முதல், பலர் பகிரும் வலையமைப்புச் சந்தாக்களைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்தது. சந்தாவைப் புதுப்பிக்கும்போது, ஒரு பகிர்வுச் சந்தாவைக் கொடுத்தால் ஏறக்குறைய அதே விலையில் இரண்டு தனிநபர்ச் சந்தாக்களை வாங்கிக்கொள்ளலாம் என்றது. தனிநபர்ச் சந்தா என்றால் பெயர் போட்ட உரிமம். முத்துவின் பெயரில் இருப்பதை மேரி பயன்படுத்தக் கூடாது. முத்து வேலையை விட்டுப் போனால் வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று சுழற்றுவதற்கு அது இல்லை.

ஒன்றுக்கு இரண்டு என்றால் தாராளம்தானே என்று தோன்றும். முதலில் பார்த்த பத்துப் பேர் அலுவலகத்துக்கு ஆறு பன்னிரண்டாகிறது, இலாபம்தான். அதே ஆறு உரிமத்தை இருபது பேர் பகிர்ந்துகொண்ட இடம் இருந்தால்? பன்னிரண்டு பேருக்குப் பெயர் கிடைக்கும், எட்டுப் பேர் வெளியே நிற்பார்கள். எப்போதாவது வரைபவர்கள், பகுதிநேர ஊழியர்கள், பயிற்சிக்கு வந்த மாணவர்கள் ஆகியோர்தான் அந்த எட்டுப் பேரில் இருப்பார்கள். எந்த அலுவலகம் அதிகச் சிக்கனமாகப் பகிர்ந்ததோ அந்த அலுவலகத்துக்கே அடி பலமாக விழுந்தது.

மென்பொருள் நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஊழியர் வீட்டிலிருந்தும் தளத்திலிருந்தும் வேலை செய்யும் காலத்தில், அலுவலக மூலையில் இருக்கும் சர்வரை நம்பியிருப்பது சிரமம். கொவிட் காலத்தில் வீட்டில் முடங்கியவர்கள் இதை நேரில் கண்டார்கள். பெயர் போட்ட உரிமம் எந்த ஊரிலும் வேலை செய்யும். சர்வர் பராமரிப்பும் மிச்சம். ஆனால் சர்வர் போனதோடு குறிப்பேடும் போய்விட்டது. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு இப்போது மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதில் எவ்வளவைக் காட்டுவது என்பது வாங்கும் சந்தாவைப் பொறுத்தது.

எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்காக அதே நிறுவனம் 2021இல் டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. டோக்கன்களை முன்கூட்டியே வாங்கி வைத்து, பயன்படுத்தும் நாளுக்கு இத்தனை என்று கழித்துக்கொள்ளலாம். அறிமுகமானபோது ஆட்டோகேட்டுக்கு நாளொன்றுக்கு 7, ரெவிட்டுக்கு 10. மாதத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வரைபவருக்கு இது நல்ல வழி. ஐந்து நிமிடம் திறந்தாலும் ஒரு நாள் கணக்குதான், வாங்கிய டோக்கன் ஓராண்டில் காலாவதியாகிவிடும் என்பவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோட்டின் அளவைச் சரிபார்க்க ரெவிட்டைத் திறப்பவர், டாக்சியில் ஏறி அடுத்த தெருவில் இறங்குபவரைப் போன்றவர்.

எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில் போகவில்லை. பாலம், சாலை வடிவமைப்புக்குப் பயன்படும் பென்ட்லி நிறுவனத்தின் மென்பொருள்களில் நெடுங்காலம் வேறொரு முறை இருந்தது. வாங்கிய எண்ணிக்கை தாண்டினாலும் கதவு திறக்கும், அதிகப்படியான பயன்பாட்டுக்குப் பிறகு விலைச்சீட்டு வரும். வேலை தடைப்படாது, விலைச்சீட்டைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு தடைப்படும். ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருள் நேரெதிர். அதன் உரிமம் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். பகிர்வதற்கான ‘ஸூ’ என்ற சர்வர் மென்பொருளை இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2018இல் வந்த ஆறாவது பதிப்பிலிருந்து இணையம் வழியாகவும் பகிரலாம். சிறிய நிறுவனங்களுக்கு இப்படியும் மென்பொருள் விற்க முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று.

குறுக்கு வழிகளின் விலை

பெயர் போட்ட உரிமம் வந்ததும் பல இடங்களில் ஒரு தந்திரமும் வந்தது. ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை நாலு பேருக்குச் சொல்லிவிடுவது. உள்ளே நுழையும்போது சரிபார்ப்பு எண் கேட்கும். அது முதலாளியின் கைப்பேசிக்குப் போகும். முதலாளி பெருவிரைவு ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தால் அலுவலகம் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது சிரிப்பதற்கு மட்டும் உள்ள விஷயமல்ல, ஒப்பந்த மீறல்.

அடுத்தது எல்லை தாண்டுவது. வரைபட வேலையில் ஒரு பகுதியை ஜோகூரிலோ சென்னையிலோ உள்ள கிளையில் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அங்கிருப்பவர்களும் சிங்கப்பூர் சர்வரிலிருந்தே உரிமம் எடுத்துக்கொண்டால் மிச்சம்தானே என்று நினைப்பார்கள். தொழில்நுட்பம் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் பல ஒப்பந்தங்கள் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது உரிமத்தை உடைத்த திருட்டுப் பதிப்பு. சிங்கப்பூரில் 2005 ஜனவரி 1 முதல், வர்த்தக ஆதாயத்துக்காக வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறும் நிறுவனம் குற்றவியல் வழக்கைச் சந்திக்க நேரிடும். முதல் குற்றத்துக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று அப்போதைய சட்டம் சொன்னது. அந்தச் சட்டத்தின்கீழ் முதன்முதலில் தண்டிக்கப்பட்ட நிறுவனம், 2006இல் 30,000 வெள்ளி அபராதம் கட்டிய ஓர் உள் அலங்கார வடிவமைப்பு நிறுவனம். திருட்டு வட்டு விற்றவரோ பெரிய தொழிற்சாலையோ அல்ல.

அண்மையில் இன்னொரு வழக்கு. இயந்திர வடிவமைப்புக்குப் பயன்படும் என்எக்ஸ் மென்பொருளின் உரிமையாளரான சீமென்ஸ் நிறுவனம், இங்குள்ள ஓர் உற்பத்தி நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியில் அனுமதியில்லாத பதிப்பை நிறுவியிருந்தார். நிறுவனமே நேரடியாக உரிமையை மீறியதாக நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் ஊழியர் செய்ததற்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு 30,000 வெள்ளிக்குச் சற்று மேல். “எனக்குத் தெரியாது” என்பது முதலாளியைக் காப்பாற்றவில்லை.

இந்த இடத்தில், மேசை மேசையாகப் போய்க் கேட்ட இளைஞரை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். உரிமம் கிடைக்கவில்லை, வேலையோ முடிய வேண்டும், கேட்டால் “அந்தப் பக்கம் போ” என்கிறார்கள். இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் உடைத்த பதிப்பு கிடைக்கும். அவர் அதை நிறுவினால் அது குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்வரின் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘டினைட்’ என்று எத்தனை நாள் விழுந்துகொண்டிருந்தது, அதை யாராவது ஒருவர் பார்த்தார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இன்னும் ஓர் உரிமத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளி. வழக்குக்கு முப்பதாயிரமும் வழக்கறிஞர் கட்டணமும்.

பணமே இல்லையென்றால், வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் எல்லா மென்பொருளும் தேவையில்லை. முப்பரிமாணப் படங்களுக்கு பிளெண்டர், இயந்திரப் பாகங்களுக்கு ஃப்ரீகேட் போன்றவை இலவசம், எத்தனை கணினியிலும் போடலாம், உரிமச் சர்வர் என்ற பேச்சே கிடையாது. அதிகாரிகளுக்குச் சமர்ப்பிக்கும் புதிய கோர்நெட் எக்ஸ் முறையும், ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்தைக் கட்டாயமாக்காமல், ஐஎஃப்சி என்ற பொது வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. ஆனால் பழகிய மென்பொருளை ஒரே நாளில் மாற்றினால் வேலை கெடும். முக்கியமான வரைபடங்களுக்குப் பணம் கட்டிய மென்பொருள், மற்றவற்றுக்கு இலவசக் கருவி என்று கலந்து நடத்துவதே பெரும்பாலான சிறிய அலுவலகங்களுக்கு ஒத்துவரும்.

சந்தா புதுப்பிக்கும் தேதி பெரும்பாலும் கணக்காளருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வரைவாளர்களையும் கணக்காளரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, யார் தினமும் வரைகிறார், யார் வாரத்தில் ஒரு நாள், யார் மாதத்தில் ஒரு நாள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தினமும் வரைபவருக்குப் பெயர் போட்ட உரிமம், மாதத்தில் ஒரு நாள் வரைபவருக்கு டோக்கன், பகிர அனுமதிக்கும் மென்பொருளுக்கு ஒரே பொதுத் தொகுப்பு. அந்தத் தாளில் கடைசியாகச் சேர்ந்த ஊழியரின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் சொல்லும் எண்ணை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.